புரட்டாசி மாசம் பாரிஸ் போனா என்னத்தைங்க்கா சாப்படறது?

போன இதழ்ல என்ற ஐரோப்பா டிரிப் பத்தி ஒரு வரி எழுதினதுதான் தப்பாப் போச்சு, இந்த தடவை வந்த கேள்வி பூராவும் சோத்தைப் பத்தியேதான். பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருந்தப்ப வருசாவருசம் செப்டம்பர்ல, நம்மகிட்ட துணி வாங்கற வெளிநாட்டு பையரைப் பாக்கறதுக்கு சூட்கேஸைத் தூக்கிட்டு ஓடுனவ நான், அதனால தெரிஞ்சதை சொல்றேன்.

அக்கா, செப்டம்பர் கடைசில ஜெர்மனில ஸ்டுட்கார்ட்டும், அப்புறம் பாரிசும் போறேனுங்க. புரட்டாசி, கவுச்சி தொடமாட்டேன். பையர் ராத்திரி டின்னருக்கு கூப்படறாப்ல, போகாமயும் இருக்க முடியாது. வெறும் பிரெட்டை கடிச்சுட்டு உக்காரோணுமா? – வாசகர், திருப்பூர்

நானும் அப்படித்தாங்க நெனச்சு பல வருசம் பிரெட்டை கடிச்சேன், அப்புறந்தான் தெரிஞ்சுது, ஐரோப்பாவுல சைவக்காரங்களுக்கு நம்ம புரட்டாசி மாதிரி தோதான மாசமே கெடையாது. வெயில் கொறைஞ்சு மழை ஆரம்பிக்கற நேரம், நம்மூர்ல இடி இடிச்சா புத்துக்காளான் மொளைக்கும்பாங்கல்ல, அந்த மாதிரி அங்க காட்டுக்காளான் சீசன். ஜெர்மன்காரங்க ஃபிஃபெர்லிங்னு ஒரு மஞ்சக் காளான் வெச்சிருக்கறாங்க, இத்தாலில போர்சினி. கூடவே பூசணிக்கா சூப்பு, அத்திப்பழம், திராட்சை, அக்டோபர் வந்துட்டா ரோட்டோரம் வறுத்த செஸ்நட். ஹோட்டல் வாசல்ல கரும்பலகைல சாக்பீஸ்ல எழுதி வெச்சிருப்பாங்க பாருங்க, அச்சடிச்ச மெனுவை விட்டுட்டு அதை மொதல்ல படிங்க, அன்னைக்கு சந்தைல வந்தது அதுலதான் இருக்கும்.

ஆனா காய்னு பேர் இருந்தா சைவம்னு நம்பீராதீங்க. பாரிஸ்ல வெங்காய சூப்பு பேர் போனது, அதுக்கு அடில ஊத்தறது பெரும்பாலும் மாட்டெலும்பு தண்ணி. ஸ்டுட்கார்ட் பக்கம் இந்த சீசனுக்குன்னே வெங்காய கேக் ஒண்ணு போடுவாங்க, ஸ்விபல்குஹன்னு பேரு, பாக்க அவ்வளவு லட்சணமா இருக்கும், உள்ள பொடிப்பொடியா பன்னிக்கறி கிடக்கும். இத்தாலில ரிசோட்டோங்கற அரிசிச் சோத்தை பலபேர் கறி வேகவெச்ச தண்ணிலதான் கிண்டறாங்க. பார்மிஜானோ சீஸ்ல, பாலைத் திரிய வெக்கறதுக்கு கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்கற ரென்னட் இருக்குது, அதுவரைக்கும் பாக்கறதா வேண்டாமாங்கறது உங்க பாடு. இத்தாலி போனா பொலென்டா வித் காளான் கேளுங்க, அது வேற ஒண்ணுமில்லீங்க நம்ம மக்காச்சோளக் களிதான், மேல சீஸ் தூவாம குடுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது.

இன்னொரு உபாயம். 2014 டிசம்பர்லருந்து ஐரோப்பிய யூனியன் பூராவும் 14 அலர்ஜி அயிட்டம் எந்தெந்த பதார்த்தத்துல இருக்குன்னு ஹோட்டல்காரங்க சொல்லியே ஆகோணும். ஆஸ்திரியாவுல மெனுவுலயே எழுத்து போட்டிருப்பாங்க, சி-ன்னா முட்டை, டி-ன்னா மீன். கறி அந்த லிஸ்ட்ல வராது, அதை வாயைத் தொறந்துதான் கேக்கோணும். வெஜிடேரியன்னு ஒத்தை வார்த்தைல நிறுத்திட்டீங்கன்னா மீனைக் கொண்டாந்து வெச்சுட்டு சிரிச்ச மொகமா நிப்பாங்க, எனக்கு நடந்திருக்குது. "கறி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், எலும்பு சூப்பு வேண்டாம்"னு பையருக்கு மீட்டிங் மெயில்லயே ஒரு வரி போட்டுருங்க. அவங்களுக்கு அது ஒரு சங்கடமே இல்லைங்க, டேபிள்ல உக்காந்ததுக்கப்புறம் சொல்றதுதான் சங்கடம்.

அப்புறம் பையர் ஃபெடர்வைசர்னு மங்கலா ஒண்ணை ஊத்தித் தருவாப்ல. திராட்சை சாறு பாதி புளிச்ச பதம். தெளுவு கள்ளா மாறறதுக்கு நடுவுல ஒரு பதம் இருக்குமே, சுருக்குனு இனிப்பா, அதேதான். பாட்டல்ல இருக்கறப்பவே பொங்கிட்டே இருக்கறதால மூடியை இறுக்க மாட்டாங்க, படுக்க வெச்சா பை பூராவும் ஊத்திரும். ஜூஸ்னு நெனச்சு ரெண்டு கிளாஸ் குடிச்சீங்கன்னா ஆர்டர் ரேட்டை அவங்களே முடிவு பண்ணிருவாங்க.

பாரிஸ்ல ரொம்ப முடியலைன்னா கார் து நோர் ஸ்டேஷன் பக்கம் லா ஷாப்பெல் போயிருங்க, ஈழத்தமிழர் கடை வரிசையா இருக்குது, தமிழ்லயே கேட்டு தோசை வாங்கலாம். சூரிச் போற வேலை இருந்தா ஹில்டல்னு ஒரு சைவ ஹோட்டல், 1898லருந்து நடக்குது.

மத்தியானம் மூணரைக்கு ரோம்ல பசிச்சு ஒவ்வொரு ஹோட்டலா ஏறி எறங்குனோம், எல்லா பக்கமும் கிச்சன் க்ளோஸ்னு சொல்லிட்டாங்க. நம்மளைப் பாத்து சொல்றாங்களாங்க? – வாசகி, ஈரோடு

அட அதெல்லாம் இல்லைங்க கண்ணு. அங்க அடுப்பு ரெண்டு நேரந்தான் எரியும், நடுவுல சமையக்காரங்களுக்கு ரெஸ்ட். பாரிஸ்ல மத்தியானம் 12லருந்து 2, இத்தாலில 2.30 வரைக்கும் தள்ளும், ராத்திரி ரெண்டு ஊர்லயும் ஏழரைக்கு மேல. ஸ்பெயின்ல மத்தியான சோறே ரெண்டு மணிக்குத்தான், ராத்திரிக்கு ஒம்பது, நம்ம தாத்தனுங்க அந்நேரம் பாதித் தூக்கத்துல இருப்பாங்க. ஜெர்மன்காரங்க பரவால்ல, ஆறு மணிக்கே பொழுதோட உக்காந்துருவாங்க. பாரிஸ்ல "சர்வீஸ் கொன்தின்யு"ன்னு போட்டிருக்கற பிராசரிங்கற ஹோட்டல்ல எந்நேரமும் அடுப்பு எரியும், அந்த வார்த்தையை போன்ல எழுதி வெச்சுக்கோங்க. ஞாயிறும் திங்களும் பல கடை லீவு. ஆனா ஆகஸ்ட்ல போனவங்களைக் கேட்டுப் பாருங்க, பாரிஸ்ல பாதி நல்ல கடை மாசம் பூராவும் பூட்டிட்டு ஊருக்குப் போயிருவாங்க, செப்டம்பர்ல தொறந்து புதுத்தெம்போட நிப்பாங்க, அந்த வகைல செப்டம்பர்ல போறவங்களுக்கு நல்ல நேரந்தான்.

தண்ணிக்கும் காசு, கேக்காத பிரெட்டுக்கும் காசு. பில்லைப் பாத்து எங்கூட்டுக்காரர் ரெண்டு நாளு பேசலைங்க. ஏமாத்தீட்டாங்களா? – வாசகி, பொள்ளாச்சி

ஏமாத்தலைங்க, நீங்க கேட்ட விதம் அப்படி. சும்மா வாட்டர்னா பாட்டல்தான் வரும். பிரான்ஸ்ல "உன் கராஃப் தோ"ன்னு கேட்டா ஜாடில பைப் தண்ணி, சாப்பாட்டோட ஃப்ரீயா குடுத்தே ஆகோணும்னு சட்டம் இருக்குது, பிரெட்டுக்கும் தனி காசு இல்லை. ஜெர்மனில அந்தச் சட்டம் கெடையாது, பாட்டல் வாங்கறதா இருந்தா "ஷ்டில்லஸ்"னு சொல்லுங்க, இல்லைன்னா சோடா வந்து நிக்கும். இத்தாலில கொப்பெர்தோன்னு தலைக்கு ரெண்டு ஈரோ மாதிரி போடுவாங்க, டேபிள்ல உக்காந்ததுக்கே அது. காபியும் அப்படித்தான், நின்னு குடிச்சா ஒரு ரேட்டு, உக்காந்தா வேற ரேட்டு. போர்ச்சுகல்ல கேக்காமலே பிரெட், ஆலிவ், சீஸ்னு கொண்டாந்து பரப்புவாங்க, தொடாம தள்ளி வெச்சுட்டா காசில்லை, ஒண்ணைக் கடிச்சா கணக்குல ஏறிரும்.

டிப்ஸ் எவ்வளவுங்க? – வாசகர், கோபி

பாரிஸ்ல பில்லுக்குள்ளயே சர்வீஸ் அடக்கம், சில்லறை விட்டா போதும். ஜெர்மனில 46 வந்துச்சுன்னா காசு குடுக்கறப்பவே "அம்பது"ன்னு சொல்லுங்க, டேபிள்ல வெச்சுட்டு வராதீங்க.

அம்மாவுக்கு 68 வயசு. வெளிய டேபிள்ல உக்காந்து சாப்படோணும்னு ஆசைப்படறாங்க. குளிருமாங்க்கா? – வாசகி, கரூர்

செப்டம்பர் கடைசில பாரிஸ்ல மத்தியானம் நல்லாத்தான் இருக்கும், நம்ம ஊட்டி மாதிரி. பொழுது சாயறது ஏழரை எட்டுக்கு, அதுக்கு மேல சிலுசிலுன்னு ஆயிரும். முன்னாடி தலைக்கு மேல ஹீட்டர் போட்டு வெச்சிருப்பாங்க, 2022 மார்ச் கடைசியோட பிரான்ஸ்ல அதைத் தடை பண்ணிட்டாங்க, வெளிய காத்தைச் சூடு பண்ணி என்னத்துக்குன்னு, நாயமாத்தான் கேட்டாங்க. சில கடைல போத்திக்க கம்பளி தருவாங்க, நம்பாம ஒரு சால்வையும் சாக்ஸும் எடுத்துக்கோங்க. வெளில சிகரெட் பிடிக்கலாம்ங்கறதால பக்கத்து டேபிள் பொகை மூஞ்சிலயே அடிக்கும், அம்மாவுக்கு இருமல் இருந்தா கண்ணாடி ஜன்னலுக்கு உள்பக்கம் டேபிள் கேளுங்க, ரோடும் தெரியும். மத்தியானத்துல பெரிய சாப்பாடு வெச்சுக்கோங்க, அன்னைக்கு இருக்கற அயிட்டத்தை செட்டா ஃபார்மூல்னு போடுவாங்க, ராத்திரியை விட நல்லா கொறைச்சலா வரும். ராத்திரிக்கு ரூம்ல பழமும் ரசப்பொடியும்.

பருப்புப்பொடி, நெய், கறிவேப்பிலை எல்லாம் எடுத்துட்டுப் போலாமா? – வாசகர், பெருந்துறை

பொடி எடுத்துட்டுப் போங்க. நெய்யை மட்டும் வெச்சுட்டுப் போயிருங்க, கறியும் பால்ல செஞ்சதும் வெளிநாட்டுலருந்து பைல கொண்டு வரக்கூடாதுன்னு அங்க ரூல், திரட்டுப்பாலும் அதுல அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாங்க, செடி சம்பந்தப்பட்டதுக்கு சர்ட்டிபிகேட் கேப்பாங்க. பழத்துல அஞ்சே அஞ்சுக்கு அந்த சர்ட்டிபிகேட் வேண்டாம்னு விட்டிருக்கறாங்க: அன்னாசி, வாழை, பேரீச்சை, துரியன், தேங்கா. பொள்ளாச்சிக்காரங்க பில்லைப் பத்தி வெசனப்படறதை விட்டுட்டு ரெண்டு தேங்காயை சூட்கேஸ்ல போட்டுட்டுப் போயிருக்கலாம்.