கதவில் பைன் மரம், பின்னால் பனைமரம்

கேள்வி: பணகுடி அருகே காற்றாலைகள் தெரியும் சாலையைப் படமெடுத்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கிய காரை அதில் நிறுத்தினேன். வடிவத்தில் பிசகில்லை, ஆனாலும் வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறது. ஏன்?
- வாசகர், வள்ளியூர்

பதில்: காரின் நிறப்பூச்சுக்கு மேலுள்ள பளபளப்பான மேற்பூச்சு எதிரே இருப்பதையெல்லாம் பிரதிபலிப்பதால், சட்டகத்துக்குள் வராத வானமும் மரங்களும், கேமராவுக்குப் பின்னால் இருப்பவையும்கூட, அதன் உடலில் தெரிந்தாக வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு குளிர்நாட்டுச் சுற்றுப்புறப் படத்தை காருக்கு ஒளி தரப் பயன்படுத்தினீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் கதவில் பைன் மரம் தெரிய, பின்னால் பனைமரம் நிற்கும்; பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் கண் உறுத்தும்.

கார் நிற்க வேண்டிய அதே இடத்தில் முக்காலியை வைத்து, மிக அகன்ற கோணத்தைப் பிடிக்கும் மீன்கண் லென்ஸால் சுற்றிலும் படமெடுங்கள். ஒவ்வொரு திசையிலும், நிழல் விவரம் தெரியும் அளவிலிருந்து சூரியன் வெளிறிப்போகாத அளவுவரை பல ஒளியளவுகளில் எடுத்து இணைத்தால், இருளிலிருந்து வெளிச்சம்வரை எல்லா ஒளியளவும் பதிந்த எச்.டி.ஆர்.ஐ. கோளப்படம் கிடைக்கும்; பிளெண்டரில் காருக்கு ஒளியாக அதையே கொடுங்கள். இப்படி அளந்த ஒளியைக் கொண்டு கணினிப் பொருளை உண்மைக் காட்சியில் பொருத்தும் முறையைப் பால் டெபெவெக் 1998-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை நகர்வதால், பின்னணிப் படத்தையும் கோளப்படத்தையும் அடுத்தடுத்தே எடுத்துவிட வேண்டும். பிளெண்டரின் கேமராவிலும் அதையே வைப்பதற்காக, பின்னணிப் படத்தை எடுத்த லென்ஸின் குவியத் தொலைவையும் கேமராவின் உயரத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். சாலையோரம் செம்மண்ணாக இருந்தால் அதன் செம்மை காரின் கீழ்ப்பகுதியில் படிய வேண்டும். டயர் தரையைத் தொடும் இடத்தில் நிழல் நன்கு கறுத்திருக்க வேண்டும்.

கேள்வி: நகரும் காட்சிக்கு மோஷன் கன்ட்ரோல் கருவி அவசியமா?
- வாசகர், தென்காசி

பதில்: பெரும்பாலும் இல்லை. கேமராவின் ஒவ்வொரு அசைவையும் கணினி வழியே மோட்டார்கள் இயக்கி, அதே நகர்வை அச்சுப் பிசகாமல் மீண்டும் மீண்டும் நிகழ்த்துவதே அக்கருவியின் வேலை. 1970-களின் நடுவில் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு உருவாக்கிய டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் இதற்குப் பேர்போனது. ஒரே காட்சியைக் காருடன் ஒரு முறையும் கார் இல்லாமல் ஒரு முறையும் எடுத்து இணைப்பதற்கே அது உண்மையில் தேவை. அதுவும் ஸ்டூடியோவுக்குள் சரி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் நிறுத்தினால், மோட்டார் துல்லியமாக இருந்தும் தண்டவாளமும் கேமராவும் அதிரும்.

கணினிக் கார் மட்டும் போதுமென்றால், சாதாரணமாக எடுத்த வீடியோவிலிருந்தே கேமராவின் நகர்வைக் கணக்கிடும் வசதி பிளெண்டரில் இருக்கிறது. அருகிலும் தொலைவிலும் அசையாத புள்ளிகள் காட்சி முழுவதும் பரவியிருக்க வேண்டும். மைல்கல்லும் சாலைக்கோடும் நல்லவை, பனையோலை ஆகாது. கார் ஓடுவதாக இருந்தால் ஒரே இடத்துக் கோளப்படம் போதாது. வழியில் சில இடங்களில் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற வேண்டும். பின்னணியில் சுழலும் காற்றாலை கதவின் பிரதிபலிப்பில் உறைந்து நின்றால் மொத்தமும் பொய்த்துவிடும் என்பதால், அது பிரதிபலிக்கும் கோணத்தில் இருந்தால் அத்திசையை மட்டும் தனி வீடியோவாக எடுத்துக் கோளப்படத்தில் பதித்துவிடுங்கள்.