அமெரிக்கப் போராட்டச் சுவரொட்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: போராட்ட வரைகலை என்றாலே அமெரிக்க விடுதலைப் போராட்டக்காரரான பால் ரெவியர் செதுக்கிய பாஸ்டன் படுகொலைப் படத்தை முதலில் காட்டுகிறார்கள். அது நடந்ததை நடந்தபடி காட்டும் படமா?

பதில்: இல்லை. 1770 மார்ச் 5 இரவு, பனி கிடந்த தெருவில், கூச்சலும் கல்வீச்சும் நிறைந்த குழப்பத்துக்கு நடுவே பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். ரெவியரின் செப்புத்தகட்டுப் படத்திலோ சிப்பாய்கள் நேர்வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கேப்டன் பிரஸ்டன் வாளை உயர்த்தி ஆணையிடுகிறார். சுங்க அலுவலகத்தின் மேல் 'கசாப்பு மண்டபம்' என்று பொருள்படும் பெயர்ப்பலகை தொங்குகிறது. நீதிமன்றம் பிற்பாடு பிரஸ்டனைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஆனால் அதற்குள் படம் மக்கள் மனத்தில் தீர்ப்பு எழுதிவிட்டது. படத்தின் அமைப்பும் ரெவியருடையதன்று. ஹென்றி பெல்ஹம் வரைந்ததைப் பார்த்துச் செதுக்கி, அவருக்கு முந்தி விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். பெல்ஹம் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். தேசபக்தர் என்ற ரெவியரின் பெயரோடு இந்தத் திருட்டையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் ஏந்திய அட்டைகளில் படமே இல்லை, வெறும் எழுத்துதான். அதையும் வரைகலை என்று கொள்ளலாமா?

பதில்: தாராளமாகக் கொள்ளலாம், என் பார்வையில் அமெரிக்கப் போராட்டங்களில் உருவானவற்றுள் அதற்கு நிகரானவை மிகக் குறைவு. 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்கு ஒதுங்கிய இரண்டு தொழிலாளர்கள் குப்பை லாரியின் நசுக்கும் பொறியில் சிக்கி இறந்தார்கள். அதையடுத்து ஏறத்தாழ 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'ஐ ஆம் எ மேன்', அதாவது 'நான் மனிதன்' என்ற வாசகம் வெள்ளை அட்டையில் பெரிய கறுப்பு எழுத்துகளில் அச்சாகியிருந்தது. நரைத்த ஆண்களையும் 'பையா' என்றே அழைத்துவந்த ஊரில் அதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அட்டையைக் கூர்ந்து பார்த்தால் 'ஆம்' (am) என்ற ஆங்கில வினைச்சொல்லின் கீழே மட்டும் ஒரு கோடு இருப்பது தெரியும். வடிவமைப்பு என்று அதில் இருப்பது அந்த ஒற்றைக் கோடுதான். மறுப்பவனுக்குத் திருப்பிச் சொல்லும் அழுத்தம் முழுவதும் அதில் இருக்கிறது. 'நான் மனிதன்' என்று தமிழில் சொல்லும்போது அந்த வினைச்சொல்லே மறைந்துவிடுவதால், கோட்டை எங்கே போடுவது என்று மொழிபெயர்ப்பவர் திகைத்துத்தான் போவார். ஒரே அட்டையை நூற்றுக்கணக்கானோர் வரிசையாக ஏந்தி நின்றதும் முக்கியம்: தனித்தனி வாசகங்களாக இருந்திருந்தால் ஒளிப்படங்களில் அந்த வரிசை இப்படிப் பதிந்திருக்காது.

கேள்வி: கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளர் சங்கக் கொடியிலுள்ள கழுகு ஏன் படிக்கட்டு போலக் கோணலாக இருக்கிறது?

பதில்: வரையத் தெரியாதவரும் வரையவேண்டும் என்பதற்காக. சங்கத்தின் தலைவர் சீசர் சாவேஸின் சகோதரர் ரிச்சர்ட் சாவேஸ் 1962இல் அதை வடிவமைத்தபோது, இறகுகளின் வளைவுகளை விட்டுவிட்டு நேர்கோடுகளாக வெட்டினார். அளவுகோல் இருந்தால் தாளில் வரையலாம், கத்தரிக்கோல் இருந்தால் துணியில் வெட்டித் தைக்கலாம். சிவப்புத் துணி, வெள்ளை வட்டம், கறுப்புக் கழுகு, அவ்வளவே.

கேள்வி: எய்ட்ஸ் காலத்தின் 'மௌனம் = மரணம்' சுவரொட்டி விளம்பரம் போலத் தோன்றுவது குறையல்லவா?

பதில்: நான் அதைக் குறையாகக் கருதவில்லை. 1987இல் நியூயார்க்கில் அதை உருவாக்கிய ஆறு பேரில் வரைகலைத் தொழிலில் இருந்தவர்களும் உண்டு. விளம்பரங்கள் மொய்க்கும் மன்ஹாட்டன் சுவரில் எது கண்ணை நிறுத்தும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே பெரும்பகுதியை வெறும் கறுப்பாக விட்டு, நாஜி முகாம்களில் தற்பாலீர்ப்பு ஆண்களின் உடையில் தைக்கப்பட்ட இளஞ்சிவப்பு முக்கோணத்தை, கீழ்நோக்கியிருந்த அதன் முனை மேல்நோக்கும்படி திருப்பி வைத்தார்கள். எய்ட்ஸ் குறித்து அன்றைய அதிபர் ரீகன் ஏன் மௌனமாக இருக்கிறார் என்ற கேள்வி அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது; நெருங்கி நின்றால்தான் படிக்கமுடியும்.

கேள்வி: அருங்காட்சியகங்கள் இத்தகைய பணிகளை ஆதரித்தனவா?

பதில்: எப்போதும் இல்லை. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் கிராம மக்களைக் கொன்ற மை லாய் படுகொலையின் ஒளிப்படத்தின் மேல் 'குழந்தைகளையுமா? குழந்தைகளையும்' என்ற கேள்வியும் பதிலும் அச்சிட்ட 1969ஆம் ஆண்டுச் சுவரொட்டிக்கு ஆதரவளிப்பதாகச் சொன்ன நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பின்னர் விலகிக்கொண்டது. கலைஞர்கள் தாங்களே 50,000 படிகள் அச்சிட்டார்கள். அதே அருங்காட்சியகத்துக்குள் போரின் கொடுமையைக் காட்டும் பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவியத்தின் முன் அந்தச் சுவரொட்டியைப் பிடித்துக்கொண்டும் நின்றார்கள்.

கேள்வி: நான் அச்சகம் நடத்துகிறேன். பணமில்லாத மாணவர்கள் எந்தத் தாளில் அச்சிட்டார்கள்?

பதில்: கிடைத்த தாளில். 1970 மே மாதம், கம்போடியாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்ததையும் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதையும் கண்டித்து, பெர்க்லி மாணவர்கள் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் சுவரொட்டிகளை அச்சிட்டுக் குவித்தார்கள். பலவற்றுக்குப் பயன்பட்டது, ஒருபக்கம் அச்சாகிக் கழிக்கப்பட்ட கணினித் தாள். பழைய படி ஏதேனும் உங்கள் கைக்கு வந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கணினி அச்சிட்ட வரிகளும் ஓரத்தில் துளைகளும் இருக்கக்கூடும்.