வெளுத்த கறுப்புச் சட்டைக்கு பிளீச் எதற்கு?

கேள்வி: என் கறுப்பு காட்டன் சட்டை தோளிலும் காலரிலும் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. பிளீச் போட்டு முழுசாக வெள்ளையாக்கிவிட்டுச் சாயம் முக்கினால்தான் சீராக ஏறும், வினிகரும் உப்பும் சேர்த்தால் நிற்கும் என்கிறார் சாயப்பொடி விற்பவர். வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: சாயம் முக்கலாம். பிளீச் வேண்டாம்.

சாயம் பெயின்ட் மாதிரி பழைய நிறத்தை மூடாது, அதோடு சேர்ந்துகொள்ளும். சட்டையில் மிச்சமிருக்கும் கறுப்பு உங்களுக்குப் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறது. அதை உரித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னால் யாருக்கு லாபம்? பொடி விற்பவருக்குத்தான். அடர் நிறத்தை வெளிர் நிறமாக்க வேண்டுமானால்தான் நிறம் நீக்க வேண்டும். மேலும் கறுப்புத் துணி பிளீச்சில் பெரும்பாலும் வெள்ளையாவதில்லை, செம்பழுப்பில் நின்றுவிடும். நூலும் நைந்துபோகும். சரியாக அலசாமல் தங்கிய பிளீச், அடுத்து ஊற்றும் சாயத்தையும் கெடுக்கும்.

பிளீச் நெடி போகட்டும் என்று அதே பக்கெட்டில் வினிகர் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அமிலம் பட்டால் பிளீச்சிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் உரிய சங்கதி. பருத்தியில் சாயம் நிற்க அமிலம் உதவாது, காரம்தான் வேண்டும், அதாவது சலவை சோடா. 'எல்லாத் துணிக்கும் ஏற்றது' என்று வரும் பொடிகளில் பருத்திக்கென்று இருப்பது பெரும்பாலும் டைரக்ட் சாயம். வெந்நீரில் ஏறும், துவைக்கத் துவைக்க இறங்கும். உறையில் பளபளவென்று படம் போட இடமிருக்கிறது, உள்ளே எந்த வகைச் சாயம் என்று ஒரு வரி போட இடமில்லை! கேட்டால் விற்பவருக்கும் தெரியாது. காரம் சேர்த்தால் பருத்தி இழையோடு பிணைந்துகொள்வது ரியாக்டிவ் சாயம்; குளிர்நீரில் ஏறும் ரியாக்டிவ் சாயம் என்று கேட்டு வாங்குங்கள். வகை சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

உலர்ந்த சட்டை 200 கிராம் என்றால் 10 கிராம் பொடி போதும். முக்குவதற்கு முன் சட்டையை சோப்புப் போட்டுத் துவைத்து, ஈரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். 4 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 200 கிராம் உப்பையும் சாயத்தையும் கரைத்து, சட்டையைப் போட்டு 20 நிமிடம் கிளறுங்கள். பிறகு 80 கிராம் சலவை சோடாவைத் தனியே கரைத்து, துணி மேல் நேராகப் படாமல் ஓரமாக ஊற்றி, ஒரு மணி நேரம் அவ்வப்போது புரட்டுங்கள். பிளாஸ்டிக் பக்கெட் அல்லது எவர்சில்வர் பாத்திரம் போதும். அலுமினியம் கூடாது. சாயம் முக்கிய பாத்திரத்தில் பிறகு சமைக்கவும் கூடாது. கையுறை, முகக்கவசம் கட்டாயம், ரியாக்டிவ் பொடி மூச்சில் போனால் ஒவ்வாமை வரும். கடைசியில் பச்சைத் தண்ணீரிலும் பிறகு சூடான சோப்பு நீரிலும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். கறுப்பாக ஓடுவது துணியில் ஒட்டாத சாயம், பயப்பட வேண்டாம்.

இதெல்லாம் உங்கள் சட்டை உண்மையிலேயே காட்டனாக இருந்தால். பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். லேபிளில் 'காட்டன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், எத்தனை சதவீதம் என்பது துவைத்தால் அழிகிற மையில். உள்மடிப்பிலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகி, ஆறியதும் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். இரண்டும் கலந்திருந்தால் இந்தச் சாயம் பருத்தி இழையில் மட்டுமே ஏறும். பாலியஸ்டர் இழையும் வெளுத்திருந்தால் அது அப்படியே இருக்கும், சட்டை கறுப்பாகாமல் சாம்பல் பூத்தாற்போல நிற்கும். இன்னும் நாலு ஸ்பூன் பொடி போட்டாலும் மாறாது. தையல் நூலும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். துணி வெளுத்திருக்க, தையல் மட்டும் கன்னங்கரேலென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு அது நல்லது. வேறு நிறத்துக்கு மாற்றுபவருக்குத்தான் பழைய நிறத் தையல் பல்லிளிக்கும்.

வெயில் தின்ற தோள்பட்டை முதல் முறை கொஞ்சம் வெளிறியே தெரியலாம், பாதிப் பொடியில் இன்னொரு முறை முக்குங்கள். அந்த இடத்தை நகத்தால் சுரண்டினாலே இழை பிரிந்தால் மட்டும் சாயத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள்.