காய்ச்சலும் காலண்டர் கோடுகளும்

அன்புள்ள ஐயா,

11 வருடங்களாக தினமும் காலை நாலே முக்காலுக்கு எழுந்து முக்கால் மணி நேரம் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். உட்கார்ந்த நாளுக்குக் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் தங்கியபோதுகூட விட்டதில்லை. பத்து வாரத்துக்கு முன் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் போய்விட்டது, மூட்டு வலி போகவில்லை. காலையில் விரலை மடக்க முடியவில்லை, சம்மணம் போட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. படுத்துக்கொண்டு செய்தால் தூங்கிவிடுகிறேன். காலண்டரில் இரண்டு தாள் வெறுமையாக இருக்கிறது. வலி என்பதெல்லாம் என் சோம்பலுக்கு நான் சொல்லும் சாக்கோ என்றும் தோன்றுகிறது. போன வாரம் வந்த நாத்தனார், "இத்தனை வருஷம் கண்ணை மூடி உட்கார்ந்தீங்களே அண்ணி, அப்புறம் எப்படி நோய் வந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள வாசகிக்கு,

சோம்பலிலிருந்தே தொடங்குகிறேன். பதஞ்சலி யோக சூத்திரத்தின் முதல் பாதம், 30வது சூத்திரம். மனம் ஒருமைப்படுவதற்குக் குறுக்கே வரும் ஒன்பது தடைகளை வரிசையாகச் சொல்கிறது. முதல் சொல்லே வியாதி. ஆலஸ்யம், அதாவது சோம்பல், ஐந்தாவதாகத்தான் வருகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அவர் இரண்டு சொல்லைச் செலவழித்திருக்க மாட்டார், சூத்திரக்காரர்கள் சொல் விஷயத்தில் கஞ்சர்கள். நோய் வந்தால் பயிற்சி தடைபடும் என்பது அந்தக் காலத்திலேயே எதிர்பார்த்த விஷயம். நீங்கள்தான் எதிர்பார்க்கவில்லை.

சிக்குன்குனியா என்ற பெயர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மகோண்டே மக்களுடைய மொழியிலிருந்து வந்தது. உடம்பு முறுக்கி வளைந்து போவதைக் குறிக்கும் சொல். ஆளை நிமிரவிடாது என்பதற்காகவே அப்படிப் பெயர் வைத்த நோயை வைத்துக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார முடியவில்லையே என்று வருந்துகிறீர்கள். அதிலும் காலை நாலே முக்காலுக்கு! மூட்டு இறுக்கம் மிக மோசமாக இருப்பது தூங்கி எழுந்த நேரத்தில்தான். இப்போதைக்கு அந்த நேரத்தை விட்டுவிடுங்கள். வெந்நீரில் குளித்து, கை கால் கொஞ்சம் இளகி, பத்தரை பதினொரு மணிக்குப் பாருங்கள்.

மூன்று வருடம் முன்பு எனக்கு அக்கி வந்தது. இடது விலாவில், முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பட்டை மாதிரி. காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டால் சரியாகிவிடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், நானும் எழுதிக்கொண்டேன். (மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கியிருந்தால் இவ்வளவு பட்டிருக்க வேண்டாம் என்று மருத்துவர் பிறகு சொன்னார். காவியைக் குறை சொல்லவில்லை, மாத்திரையைத் தள்ளிப்போட்டது என் தப்பு.) கொப்புளம் காய்ந்த பிறகும் வலி இரண்டு மாதம் இருந்தது. சட்டை உரசினால்கூட நெருப்பு பட்டது போல இருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'வலியையே கவனி' என்று எப்போதோ கேட்டதைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரில் சாயாமல் உட்கார்ந்து வலியை முறைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம். வலி குறையவில்லை. எரிச்சல் ஏறியது, மறுநாள் காபியில் சர்க்கரை கூடிவிட்டது என்று மனைவியிடம் கத்தினேன். நாலாவது ராத்திரி அவளே எழுந்து வந்து, "படுத்துக்கிட்டா தியானம் வராதா?" என்று கேட்டாள்.

படுத்தேன். வலிக்காத பக்கமாக, வலது கையைத் தலைக்குக் கீழே வைத்து. வலியைத் தேடிப் போகாமல், வலிக்காத ஓர் இடத்தில் கவனத்தை வைத்தேன். தலையணை பட்ட கன்னம். கொஞ்ச நேரம் கழித்து, நாசித் துவாரத்தின் ஓரம். வலி தன் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்தது. சில நாள் பத்து மூச்சு, சில நாள் மூன்று, அதற்குள் தூக்கம். தூங்கினால் தூங்கினேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். உங்கள் உடம்பில் வலிக்காத இடம் எது? காது மடலா, உதடா, அடிவயிறா? அங்கே மூன்று மூச்சு இருங்கள். படுப்பது குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். சதிபட்டான சுத்தத்தில் (சுத்தம் என்றால் பாலி மொழியில் புத்தரின் உபதேசம்) நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது என்று நான்கு நிலையையும் புத்தர் சேர்த்தே சொல்கிறார். நாம்தான் படம் பார்த்துப் பார்த்து உட்காருவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு சுத்தமும் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. கிரிமானந்தர் என்ற பிக்கு கடும் நோயில் கிடக்கிறார். அவரைப் போய்ப் பார்க்கும்படி, கூடவே இருக்கும் சீடர் ஆனந்தர் புத்தரை அழைக்கிறார். புத்தர், நீயே போய் இந்தப் பத்துப் பாவனைகளையும் (மனதில் நிறுத்தி நினைத்துப் பார்க்க வேண்டியவை) அவரிடம் சொல் என்கிறார். நாலாவது பாவனையில் கண் நோய், காது நோய், இருமல், காய்ச்சல், மூலம், நீரிழிவு என்று நோய்களின் பட்டியலே வருகிறது. நோயாளியின் தலைமாட்டில் வாசிக்கும் பட்டியலா இது என்று முதலில் சிரித்துவிட்டேன். ஆனால் அக்கி வந்த சமயம் படித்தபோது, எனக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் என்ற எண்ணம் கொஞ்சம் தளர்ந்தது. பத்தாவதாக வருவது நீங்கள் செய்யும் மூச்சுக் கவனம்தான். நான் கவனித்த விஷயம் வேறு: கிரிமானந்தர் எழுந்து சம்மணம் போட்டார் என்று அதில் இல்லை. ஒருவர் வந்து சொன்னார், இவர் கேட்டார், குணமானார். உங்கள் மகளை அருகில் உட்கார்ந்து ஏதாவது வாசிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அது போதும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: காய்ச்சல் திரும்பி வந்தால் அன்று ஒன்றும் வேண்டாம், மூச்சைப் பிடித்து நிறுத்தும் பிராணாயாமம் அறவே வேண்டாம். மூன்று மாதம் தாண்டியும் விரல் வீக்கம் இருந்தால் மூட்டு நோய் மருத்துவரைப் பாருங்கள். அந்த வலிக்குத் தியானம் மருந்தில்லை.

காலண்டர் விஷயத்தில் எனக்குக் கருணை குறைவு. அந்தக் கோடுகள் இத்தனை வருடம் உங்களை எழுப்பின, சரி. இப்போது அவை உங்களைத் திட்டுகின்றன. அதைக் கழற்றிச் சமையலறையில் மாட்டிப் பால் கணக்கு எழுதுங்கள்.

நாத்தனாருக்கு வருவோம். ரமணருக்கு இடது கையில் கட்டி வந்தது. 1949இல் அறுவை சிகிச்சைகள் நடந்தன, கட்டி திரும்பத் திரும்ப வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விட்டார். தியானம் நோய்க்குத் தடுப்பூசி என்றால் திருவண்ணாமலையில் அது பலித்திருக்க வேண்டும். இதை நாத்தனாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சிக்குன்குனியாவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது, வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. அடுத்த முறை வந்தால் அவர் வீட்டுத் தொட்டியை மூடி வைக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்.