தாலமியின் தீர்க்கரேகை ஏன் கிழக்கே தள்ளிப்போகிறது?

பழங்காலப் புவியியலாளர் தாலமி தந்த தீர்க்கரேகைகளை இன்றைய கிரீன்விச் கணக்குக்கு மாற்ற, அவருடைய தொடக்கக் கோடு மேற்கே இருப்பதால் 18 பாகையைக் கழித்ததாகச் சொல்கிறீர்கள். அது மட்டும் போதாது, 1.4 ஆல் வகுக்கவும் வேண்டும். கழித்த பிறகும் ரோம் 6 பாகையும் அலெக்சாந்திரியா 12 பாகைக்கு மேலும் கிழக்கே விழுகின்றன என்கிறீர்கள். கிழக்கே போகப் போகப் பிழை வளர்கிறது என்றால் தொடக்கக் கோடு மட்டும் காரணமல்ல, அளவுகோலே நீண்டிருக்கிறது.

பெரும்பாலும் காரணம் இது: தாலமிக்கு முந்தைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ், பூமியின் சுற்றளவில் ஒரு பாகைக்கு 700 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு) என்றார். தாலமி 500 என்று எடுத்துக்கொண்டார்; 700ஐ 500ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 1.4. அவர் கணக்கில் பூமி சுருங்கியதால், பயணிகள் சொன்ன அதே தூரம் அதிகப் பாகைகளாகிவிட்டது.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். தாலமியில் ரோம் 36°40', அலெக்சாந்திரியா 60°30'. வித்தியாசம் 23.8. அதை 1.4 ஆல் வகுத்தால் 17. ரோமின் இன்றைய 12.5 உடன் கூட்டினால் 29.5 வரும். உண்மையில் அலெக்சாந்திரியா இருப்பது 29.9 இல்! எனக்கு இன்றும் வியப்பு தரும் பொருத்தம் இது.

அட்சரேகையைத் தொடாதீர்கள். ரோமுக்கு அவர் தந்த 41°40' கிட்டத்தட்ட சரி. அதைச் சூரியனை வைத்தே அளக்கலாம். தீர்க்கரேகைக்கு அந்த வழியில்லை, அன்று ஒரே சந்திர கிரகணத்தை இரண்டு ஊரில் பார்த்து நேரத்தை ஒப்பிட வேண்டும்.

ஒன்று, இந்தக் கணக்கு மத்தியதரைக் கடலைத் தாண்டினால் செல்லாது. அவர் வரைபடத்தில் இந்தியத் தீபகற்பமே தட்டையாகிக் கிடக்கிறது, இலங்கையோ பல மடங்கு பெருத்திருக்கிறது. அங்கே எந்த வகுத்தலும் உதவாது. அப்புறம், பிரதிக்குப் பிரதி எண்கள் மாறும், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள்.