இட்லி மாவில் இருக்கும் பாக்டீரியாவும் ஈஸ்டும் ஒன்றுதானா?

பெங்களூர்க் குளிரில் மாவு புளிப்பதில்லை, ஈஸ்ட் போடலாமா, அதுவும் பாக்டீரியாதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, ஈஸ்ட் ஒரு பூஞ்சை, காளானுக்கு உறவு.

அல்சூரில் எங்கள் வீட்டிலும் மார்கழி வந்தால் இதே பாடுதான். விடிந்து மூடியைத் திறந்தால் ஒரு குமிழி இருக்காது. மாவை உப்பவைப்பதில் பெரும்பங்கு, உளுந்தோடு வந்து சேரும் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடும், குளிரில் சோம்பிவிடும்.

பாக்டீரியாவின் செல்லில் உட்கரு கிடையாது, டிஎன்ஏ உறையின்றிக் கிடக்கும். ஈஸ்டுக்கு, நம்மைப் போலவே, உட்கரு உண்டு. 1969இல் விட்டேக்கர் என்ற உயிரியலாளர் பூஞ்சைகளைத் தாவரங்களிலிருந்து பிரித்துத் தனி உலகமாக்கினார். செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமில் உள்ள ஆர்என்ஏ என்ற மூலக்கூறை உயிருக்கு உயிர் ஒப்பிட்ட அறிவியலாளர் கார்ல் வோஸ், 1990இல் உயிர்களையெல்லாம் பாக்டீரியா, ஆர்க்கியா (உட்கரு இல்லாத இன்னொரு நுண்ணுயிர்க் கூட்டம்), யூகாரியா (உட்கரு உள்ளவை) என மூன்று பெரும் பிரிவுகளாக்கினார். மூன்றாவதில்தான் ஈஸ்ட், ஆலமரம், நீங்கள், நான் எல்லாரும். அதாவது ஈஸ்ட் பாக்டீரியாவைவிட நமக்கே நெருங்கிய உறவு!

ஈஸ்ட் போட்டால் மாவு பொங்கும். ஆனால் இட்லியில் ரொட்டி வாசம் வரும், எனக்கு ஆகாது. அதற்குப் பதில், குளிர் தாக்காமல் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிவையுங்கள்.