கேட்டதும் கிடைத்ததும்: சூரியப் புயல் எத்தனை மணிக்கு வரும்?

கேள்வி: சூரியப் புயல் வருகிறது, செல்போனை அணைத்து வையுங்கள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. ஆதித்யா எல்1 சூரியனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறதே, அது சரியாகச் சொல்லிவிடாதா? (வாசகி, தென்காசி)

பதில்: பக்கத்தில் எங்கே நிற்கிறது? சூரியனைப் பார்க்க இஸ்ரோ அனுப்பிய அந்த விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர்தான் போயிருக்கிறது (பூமி, சூரியன் இரண்டின் இழுப்பும் ஈடுகட்டிக்கொள்ளும் அந்த இடத்துக்குத்தான் எல்1 என்று பெயர்), சூரியனோ 15 கோடி கிலோமீட்டர். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தெருக்கோடியைப் பார்க்கிற கதைதான். (அதை ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி உங்கள் பக்கத்துச் செங்கோட்டைக்காரர், தெரிந்திருக்கும்.)

புயல், அதாவது சூரியன் வெடித்து வீசும், காந்தப்புலம் சுமந்த மின்துகள் மேகம், கிளம்புவது தெரியும். வெயிலில் எதிரே வரும் பஸ்ஸைப் பார்க்க நெற்றியில் கை வைப்போமே, அதே மாதிரி சூரியத் தட்டை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள மங்கலான கரோனாவை (சூரியனின் வெளி வளிமண்டலத்தை) மட்டும் பார்க்கும் கருவிக்கு கரோனாகிராஃப் என்று பெயர். ஆதித்யாவில் இருப்பது விஇஎல்சி, 1995இல் ஏவிய சோஹோ என்ற ஐரோப்பிய-அமெரிக்க விண்கலத்தில் லாஸ்கோ. லாஸ்கோ படங்களில், நிலா கோட்டை கட்டினாற்போல சூரியனைச் சுற்றி முழு வளையம் விரிந்தால் வெடிப்பு நம்மை நோக்கியோ நேரெதிர்த் திசையிலோ போகிறது என்று பொருள். சில சமயம் அடுத்த அரைமணியிலேயே படம் முழுக்க, ஆன்டெனா திரும்பிய பழைய டிவி மாதிரி வெள்ளைப் புள்ளியாகக் கொட்டும். அது கேமரா கோளாறு இல்லை, சூரியனிலிருந்து பாய்ந்து வந்த புரோட்டான்கள் கேமராவில் அடிப்பது.

வேகத்தை வைத்து எப்போது வரும் என்று கணக்குப் போடலாம், ஒரு நாளுக்குள்ளும் வரும், மூன்று நான்கு நாளும் ஆகும், கணக்கு பல மணி நேரம் பிசகுவதும் உண்டு. ஆனால் அது சுமந்து வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் புலத்தோடு பிணைந்து நமக்குப் பெரிய வம்பு, வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் சும்மா உரசிவிட்டுப் போய்விடும். இது படத்தில் தெரியாது. புயல் எல்1ஐத் தாண்டும்போது, ஆதித்யா 6 மீட்டர் கம்பியில் நீட்டி வைத்திருப்பது போன்ற காந்தமானிகள்தான் காட்டிக்கொடுக்கும். அப்புறம் நமக்கு மிஞ்சுவது கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

செல்போனை அணைக்க வேண்டாம். அடி வாங்குவது மின்கம்பிகளும் ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோள்களும்தான். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. 2024 மே புயலில் அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ் பிசகி டிராக்டர்கள் நின்றன. புயல் சின்னதாக இருந்தாலே போதும், 2022 பிப்ரவரியில் காற்றுமண்டலம் சற்று உப்பியதற்கே, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் முக்கால்வாசிக்கு மேல் கீழே இழுபட்டு எரிந்துபோயின.

கேள்வி: எல்1 புள்ளியிலேயே அசையாமல் நிறுத்தாமல் ஏன் ஆதித்யாவைச் சுற்ற விட்டிருக்கிறார்கள்? (வாசகர், கரூர்)

பதில்: நேர் நடுவில் நின்றால் பின்னால் சூரியன் இருக்கும், அதன் ரேடியோ இரைச்சலில் ஆதித்யா அனுப்பும் சிக்னல் நமக்குக் கேட்காது. அங்கே அசையாமல் நிற்பதும் லேசு இல்லை, கொஞ்சம் விலகினால் விலகிக்கொண்டே போகும். அதனால் ஒரு சுற்றுக்கு சுமார் 178 நாள் என்று பெரிய வட்டமாகச் சுற்றுகிறது, அவ்வப்போது கொஞ்சம் எரிபொருள் செலவழித்துத் தடத்தைச் சரிசெய்துகொண்டே.